மெதுவாகச் சாயம் இறங்கும் இலை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூன்று மாடியில் ஒரு டீத்தூள் கடை நிற்கிறதே, அது நான் கட்டியது. சேலம் ரோட்டில் இருக்கிற குடோனும் நான் கட்டியதுதான். தூள் கலக்கிற மிஷினுக்கு ஜாமீன் போட ஒரு ஆள் முன்னே வரவில்லை. அதையும் கொண்டுவந்து நிறுத்தினேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் டேங்க் வந்தது சும்மா வரவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி நான் தேய்த்த செருப்புகள் அதற்குச் சாட்சி. பெண்களைப் படிக்க வைத்தேன், ஒருத்தி வக்கீல். என் படிப்பைக் கேட்டால் மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியில் நின்றது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கென்று வெளிக் கூரையில் செருகி வைத்திருந்த கிளாஸை நானே எடுத்து, நானே கழுவி, அதில் டீ வாங்கிக் குடித்தவன் நான். பிற்பாடு அதே கடைக்குத் தூள் போட்டேன். எல்லா கிளாஸையும் ஒரே தொட்டியில் கழுவினால்தான் தூள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார் என்றேன். கழுவினார்கள்.

இத்தனையும் ஊருக்குத் தெரியும். கல்யாண வீட்டில் யாராவது மைக்கைக் கையில் கொடுத்தால் நானே சொல்லிவிடுகிற ஆள். ஆனால் நான் கை வைத்த காரியங்களில் ஒன்றுக்கு மட்டும் பெயர்ப்பலகை கிடையாது. அது கல்வராயன் மலைமேல், கரியாலூரில், ஒரு ஓட்டு வீட்டு அடுப்படியில் நடந்தது. அந்த வீட்டு அம்மாவைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், நான் சொல்லச் சொல்ல என் கடைசிப் பெண் எழுதுகிறாள். அழகுக்கு என்று எதையாவது சேர்த்தால் அடிக்கச் சொல்லிவிடுகிறேன்.

அந்தம்மாவின் பெயரை எழுத மாட்டேன். நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலையில் எல்லோருக்கும் அவர் ‘ஜீப்பு வூட்டம்மா’. எனக்கு அக்கா. முதலில் நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். “உன்ன விட நாலு வயசு ஜாஸ்தி இருக்குமா எனக்கு? அம்மாவாம் அம்மா. அக்கான்னு கூப்புடு” என்று அவர்தான் மாற்றினார். உயரமான, எலும்பு தெரிகிற உடம்பு. முந்தானை எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். என்ன வேலை செய்தாலும் நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி மேற்கு மலையைப் பார்ப்பார். சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற பார்வை. எவரிடம் எது பேசினாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒரே வார்த்தை: “இரு, இரு. எறங்கட்டும்.” காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளிடமும் அதுதான். சண்டை போட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தவளிடமும் அதுதான்.

நான் முதல் தடவை அந்த வீட்டு வாசலுக்குப் போனபோது பஸ் கூரையில் சைக்கிளை ஏற்றி, கரியாலூர் வெள்ளிமலை என்று வீடு வீடாகத் தூள் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தேன். என் வாய்தான் என் விளம்பரம்.

“குன்னூர் தூளும்மா! தண்ணியில போட்ட ஒடனே செவந்துக்கும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள டீ ரெடி!”

அந்தம்மா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். திரும்பப் பொட்டலத்திலேயே உதறினார்.

“இது எனக்கு ஆவாது. மெதுவா எறங்குறது இன்னா வெச்சிக்கினு இருக்க?”

“மெதுவாவா?”

“ஆமா. எவ்ளோ நேரம் ஆவுதோ அவ்ளோ நல்லது.”

“ஏம்மா, ஊர்ல யாரும்மா மெதுவா எறங்குற தூளைக் கேக்குறாங்க?”

“நான் கேக்குறன்ல? இருந்தா கொண்டா. இல்லன்னா போய்க்கினே இரு.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வியாபாரத்தில் என்னைத் திருப்பி அனுப்பியவர்கள் கம்மி. மளிகைக்கடைக்காரரிடம் போய், நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டி, “அந்தம்மாவுக்குக் கொஞ்சம் இதுவாங்க?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அவங்களுக்கு ஒண்ணும் இல்லய்யா. அவங்க வூட்டுக்காரருக்குத்தான்” என்று சொல்லிவிட்டு முழுக் கதையையும் சொன்னார்.

அக்காவின் புருஷன் கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டினவர். மலைப்பாதையில் அவரைப் போல வளைவு ஒடிக்க ஆள் கிடையாது என்பார்கள். ஆனால் சாராயம். ஊருக்குக் கீழே ஓடையில் கடுக்காய்ப் பட்டையும் வெல்லமும் ஊறப்போட்டுக் காய்ச்சினார்கள். காய்ச்சியதை லாரி டியூபில் நிரப்பி, இருட்டினதும் தோளில் போட்டுக்கொண்டு சமவெளிக்கு இறக்கிவிடுவார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் விழுந்து இருட்டு கட்டுகிற வரைக்கும் ஓடைப் பாறையில் ஒரு ஆள் உட்கார்ந்து உள்ளூர்க்காரர்களுக்குக் கிளாஸ் கணக்கில் ஊற்றுவான். டியூப் கிளம்பிவிட்டால் பிறகு தலைகீழாக நின்றாலும் ஒரு சொட்டு கிடைக்காது. ஜீப்புக்காரர் தினமும் அந்தப் பாறைக்குப் போனவர். ஒரு நாள் விடியற்காலை, முந்தின நாள் போதை தெளியாமல் வண்டியை எடுத்து, கோமுகி அணைக்கு மேலே ஒரு வளைவில் உருட்டினார். உயிர் போகவில்லை. சாமை மூட்டையோடு ஏறியிருந்த ஒரு மலைக்காரப் பெண்ணுக்கு இடுப்பு போய்விட்டது. அந்தப் பெண் அதற்குப் பிறகு நேராக நடக்கவில்லை. அவர் ஜீப்பில் ஏறவும் ஜனம் பயந்தது.

“அந்தம்மா ஊரைக் கூட்டி வெச்சி, இனிமே என் புருசன் தெளிஞ்ச கண்ணோடதான் ஸ்டீரிங்கைத் தொடுவாரு, நான் பொறுப்புன்னு சொல்லிச்சு. அதுக்குத்தான் டீ. சாயங்காலம் அந்த நேரத்த மட்டும் தாண்டிட்டா போதும். மறுநாள் காலையில ஜீப்பு ஒழுங்கா வளையும்” என்றார் மளிகைக்கடைக்காரர்.

இப்போது எனக்கு விளங்கியது. நான் குன்னூருக்கு ஏறினேன். ஏஜெண்டு, “கள்ளக்குறிச்சிக்கு முழு இலையா? அங்க யாருய்யா இதைக் குடிக்கிறது?” என்று சிரித்தான். சிரித்தவன் முன்னால் நின்று, உருண்டு சுருண்ட முழு இலையாகப் பார்த்து ஒரு சிறிய பெட்டி வாங்கினேன். அதை நான் வேறு யாருக்கும் விற்கவில்லை. அந்த ஒரு வீட்டுக்கு என்று, பெட்டி தீரத் தீர, வருஷக்கணக்கில் கொண்டுபோனேன். இதை யாரும் இதுவரை சொன்னதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

அக்கா டீ போடுகிறதை நான் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சுறுசுறுப்புக்குப் பிறந்தவன். அவருடைய அப்பா ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையல் பார்த்தவர். அங்கிருந்து வந்த பீங்கான் கெட்டில் ஒன்று அக்காவிடம் இருந்தது. மூக்கு நுனியில் கொஞ்சம் உடைந்தது. தண்ணீரைப் பக்கத்துக் குழாயில் பிடிக்க மாட்டார், மேலே ஊற்றுக்குப் போவார். அடுப்பு எரிக்க இரண்டு குவியல் விறகு வைத்திருந்தார். காய்ந்தது காலைச் சோற்றுக்கு. ஈரம் சாயங்காலத்துக்கு. ஈர விறகு புகைந்து புகைந்து, கண்ணெல்லாம் எரிந்து, தண்ணீர் கொதிக்கும்போது நமக்குப் பாதி உயிர் போய்விடும். கொதித்த தண்ணீரில் கொஞ்சத்தைக் கெட்டிலில் ஊற்றிச் சுழற்றிக் கொட்டுவார். உள்ளங்கையில் இலையை அளந்து போடுவார். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை மேலேயிருந்து ஊற்றி, மூடி, புருஷனுடைய பழைய மஃப்ளரைக் கெட்டிலுக்குச் சுற்றிவிடுவார். கலக்கக் கூடாது. திறந்து பார்க்கக் கூடாது. கெட்டில் மூடியிருக்கிற வரைக்கும் வீட்டில் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் டீ கெட்டுவிடுமாம்.

“அதெப்படிக்கா கெடும்? டீக்குக் கண்ணு இருக்கா?”

“இருக்குது. உக்காரு.”

அவர் உட்காருகிற இடம் வாசலுக்கும் கெட்டிலுக்கும் நடுவில். வெளியே போகிறவன் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நல்ல டீ என்றால் என்ன என்று அந்த வீட்டில்தான் நான் தெரிந்துகொண்டேன். வியாபாரி நான் இதை ஒத்துக்கொள்கிறேன். செம்புக்காசு போல ஒரு நிறம். வாய்க்குள் போனதும் நாக்கில் ஒட்டாமல், தொண்டையில் இறங்கின பிறகு ஒரு வாசம் மேலே வரும். பாலைத் தனியாகக் காய்ச்சி, வேண்டும் என்றால் ஒரு கரண்டி விடுவார். அந்த இலையிலேயே இரண்டாம் தண்ணீர் ஊற்றி மறுபடி மூடுவார். அதற்கு ஒரு காத்திருப்பு. அது முடியும்போது வாசலில் இருட்டியிருக்கும். அக்கா மேற்கே பார்ப்பதை விட்டுவிட்டு, அப்போதுதான் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து விளக்கைப் போடுவார்.

அந்த வீட்டில் வெல்லம் கிடையாது. மலையில் எல்லாரும் வெல்ல டீதான் குடித்தார்கள். இந்த வீட்டில் சர்க்கரை. ஒரு பொங்கலுக்கு நான் ஆசையாக ஒரு அச்சு வெல்லம் கொண்டுபோய் வைத்தேன். அக்கா அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னமும் மறக்கவில்லை. பாம்பைப் பார்த்த மாதிரி. துணியோடு தூக்கிப் போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார்.

“இன்னாக்கா, பண்டிகை அதுவுமா?”

“அவருக்கு அந்த வாசனை மூக்குல ஏறினா ஓடைதான் ஞாபகம் வரும். இனிமே வெல்லத்தத் தொட்ட கையக் கழுவிட்டு வா.”

ஜீப்புக்கார மாமா அன்று மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பெரிய கை. அந்தக் கை சாயங்காலமானால் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். கை நடுங்குவது தெரியாமல் இருக்க முழங்காலை அமுக்குவார். அப்போது முழங்கால் நடுங்கும்.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. மாமா எங்கே போய்விட்டு வந்தாலும், ஆட்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அக்கா அவர் முகத்துக்குக் கிட்டே போய் நிற்பார். அவர் வாயைத் திறந்து ஊதிக் காட்டுவார். அக்கா மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போவார். அவ்வளவுதான், ஒரு பேச்சு இருக்காது. முதல் தடவை பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மலைப்பாதையில் எதிரே வருகிற லாரிக்காரனையே பின்னால் போய் வழி விடச் சொல்கிற மனுஷன், வாசலில் வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

வாரத்தில் ஒரு நாள் நான் ஏறுகிற நாளில் அக்கா என்னைச் சாயங்காலம் நிறுத்தி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

“உன் வாய் எதுக்கும் ஆவாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இதுக்கு ஆவுது. பேசு.”

நான் பேசினேன். நான் எப்படி சைக்கிள் வாங்கினேன், எப்படிக் கடை பிடித்தேன், எவன் எவன் எனக்குக் குறுக்கே நின்றான் எல்லாம். மாமா கேட்டுக்கொண்டே, “யோவ் தூளு, போன வாரம் அந்த ஆளை நீ கையால அடிச்சன்னு சொன்ன. இந்த வாரம் செருப்பால அடிச்சன்ற. அடுத்த வாரம் அரிவாளா?” என்பார். அக்கா சிரிக்க மாட்டார். மேற்கே பார்ப்பார். என் கதை ஒவ்வொன்றும் அந்த வீட்டில் ஒரு ஈர விறகுதான்.

ஒரு தடவை சாராயம் ஊற்றுகிற பாறைக்காரனே வாசலுக்கு வந்துவிட்டான். நல்ல வாடிக்கை கை நழுவிப் போன கோபம். ரோட்டில் நின்று, “டிரைவரே, பொம்பள கையால பால் குடிச்சிக்கினு கீறியா?” என்று கத்தினான். மாமா எழப் போனார். அக்கா கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்றார்.

“வாய்யா. உள்ள வந்து உக்காரு. உனுக்கும் ஊத்துறேன்.”

அவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கூப்பிட்ட மரியாதைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தான். அக்கா அப்போதுதான் விறகை வைத்தார். புகை. தண்ணீர். கெட்டில் சுடவைப்பு. மூடி. அவன் இரண்டு தடவை எழுந்தான். இரண்டு தடவையும், “மூடியிருக்குது, உக்காரு” என்றார். கடைசியில் டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் இருட்டு. கீழே டியூப் தூக்குகிறவர்கள் அவனைத் திட்டுகிற சத்தம் மேல் ரோடு வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை. மாமாவும் நானும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா மட்டும் கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவினதையே மறுபடி மறுபடி கழுவினார். அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அக்கா சாயங்காலத்தில் வெளியே போய் நான் பார்த்ததில்லை. தெருவில் ஒரு சடங்கு, பஸ் ஸ்டாப்பில் ஒரு தெருக்கூத்து, எதுவும் கிடையாது. சொந்தத் தம்பி கல்யாணத்துக்குப் போய் மத்தியானமே திரும்பிவிட்டார். தாலி கட்டினதைப் பார்த்தார், பந்தியைப் பார்க்கவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் நான் கடை திறக்கும்போது அந்தத் தம்பி ஓடி வந்தான். தியாகதுருகத்துக்குப் பக்கம் அவர்களுடைய ஊர். அம்மா விடியற்காலை போய்விட்டதாம். மலைக்குச் சேதி சொல்ல வேண்டும். அவனுக்கு அங்கே ஆயிரம் வேலை. நான் சொல்கிறேன் என்று கடையைச் சாத்திவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் சொன்னதும் அக்கா அழவில்லை. நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார். உச்சிக்கு வந்திருந்தது. மாமா அப்போதுதான் சவாரி முடித்து வந்து ஜீப்பை நிறுத்தியிருந்தார். அவர்தான் முதலில் உடைந்து அழுதார். அந்த மாமியார் அவருக்குத் தட்டில் போட்டுப் பிசைந்து கொடுத்த மனுஷி.

“ஏறுடி, ஜீப்புலயே போயிடலாம்.”

“நீ வேணாம்.”

“இன்னாடி சொல்ற? உங்கம்மாவுக்கு வாய்க்கரிசி போட எனக்கு உரிமை இல்லியா?”

அக்கா என்னைத் தனியே சுவர் ஓரம் கூப்பிட்டார்.

“அவரையும் கூட்டிக்கினு போங்கக்கா, பாவம்” என்றேன்.

“சாவு வூட்டுக்கா? பந்தலுக்குப் பின்னால கேன் வெச்சிட்டுத்தான் அங்க மோளமே அடிப்பாங்க. என் தம்பியே ஊத்திக் குடுப்பான், குடிச்சிட்டு அழுவு மாமான்னு. நாளைக்கு இந்த மனுசன் ஜீப்ப எடுக்கணும். மலைக்காரங்க ஏறுவாங்க. நீ இன்னிக்கு பஸ்ஸுக்குப் போவாத. இங்கயே உக்காரு. டீ போடு.”

“நான் தூளு விக்கிறவன்க்கா. போடுறவன் இல்ல.”

“தெரியலன்னா நல்லது. நேரம் ஆவும்.”

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. பஸ் ஏறுகிற வரைக்கும் அழுதார். மாமா ரோட்டிலேயே நின்றார். பஸ் வளைவில் மறைந்த பிறகும் நின்றார்.

சூரியன் இறங்கியது. நான் அடுப்பை மூட்டினேன். ஈர விறகு என் பேச்சைக் கேட்கவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று காய்ந்த குச்சி நாலைச் செருகினேன். மாமா சுவரில் சாய்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் கதையை ஆரம்பித்தேன்.

“கேட்ட கதைய்யா” என்றார்.

வேறு கதை ஆரம்பித்தேன். “அதுவும்தான்” என்றார். ஓடைப் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது. அவர் எழுந்துவிட்டார்.

“காலாற நடந்துட்டு வரேன்.”

“மாமா, கெட்டில்...”

“கெட்டில மூடக்கூட இல்ல நீ. மாமியா செத்த துக்கம்யா. இன்னிக்கு ஒரு நாளு யாரு கேப்பாங்க?”

அவர் உடம்பில் பாதி இருப்பேன் நான். பிடித்து நிறுத்த முடியாது. என்ன சொன்னாலும் எடுபடாது. அப்போது என் வாயில் அதுவரை நான் யாரிடமும் சொல்லாத ஒரு வார்த்தை வந்தது. எனக்குக் கடை வாடகைக்குக் கொடுக்காதவனிடம்கூட நான் சொல்லாத வார்த்தை.

“மாமா, எனக்குத் தெரியல. எலை எவ்ளோ போடணும்?”

அவர் வாசற்படியில் நின்றார். முதுகு எனக்கு.

“கெட்டிலச் சுட வெச்சியா?”

“இல்ல.”

“அடப்பாவி. ஜில்லுனு இருக்கிற கெட்டில்ல ஊத்தினா எலை விரியுமா?”

திரும்பி வந்தார். வந்து குனிந்து அடுப்பைப் பார்த்தார். நான் செருகிய காய்ந்த குச்சிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தண்ணீரில் தோய்த்தார்.

“இது காலைக்கு. சாயங்காலத்துக்கு அது” என்று ஈரக் குவியலைக் காட்டினார்.

“மாமா, உங்களுக்குத் தெரியுமா?”

“டிரைவருக்கு வெறவு ஈரமா காஞ்சதான்னு தெரியாதா? போய்யா.”

நான் கொதிக்க வைத்த தண்ணீர் புகை அடித்துவிட்டது என்று கீழே கொட்டினார். ஊற்றுத் தண்ணீரைப் புதிதாக வைத்தார். கிளாஸைக் கழுவினார், துடைத்தார், திரும்பக் கழுவினார். அக்கா எங்கெங்கே நிறுத்துவாரோ அங்கங்கே நிறுத்தினார். உள்ளங்கையில் இலையை அளந்தார். அந்தப் பெரிய கையிலிருந்து இலை நாலு கீழே விழுந்தது, பொறுக்கிப் போட்டார். மூடி, மஃப்ளரைச் சுற்றி, கெட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில், அக்கா உட்காருகிற இடத்திலேயே போய் உட்கார்ந்தார். ஆனால் முகம் உள்ளே பார்த்து.

“மூடியிருக்குது. நீயும் எழுந்திரிக்காத.”

ஓடையில் இன்னொரு விசில் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேர்வை காதோரம் இறங்கியது. நான் பேசவில்லை. என் வாழ்நாளில் நான் பேசாமல் இருந்த நீளமான நேரம் அதுதான்.

இருட்டு கட்டியது. முதல் கிளாஸை ஊற்றி வாசற்படியில் கொண்டுபோய் வைத்தார். “அத்தைக்கு” என்றார். வாய்க்கரிசிக்குப் பதில் அது. அப்புறம்தான் எனக்கு ஊற்றினார், அவருக்கு ஊற்றிக்கொண்டார். அக்கா போடுகிற டீக்கும் அதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

குடித்து முடித்த பிறகு, “அவகிட்ட சொல்லாத. நீதான் போட்டன்னு சொல்லு” என்றார்.

“ஏன் மாமா? தெரிஞ்சா சந்தோசப்படுவாங்க.”

“சந்தோசப்படுவா. அப்புறம் ஒரு நாளு அசந்துடுவா. அவ அசந்த அன்னிக்கு நான் பாறையில இருப்பன். எனக்கு என்னத் தெரியும்யா. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து இறங்கினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக மாமாவிடம் போய் நின்றார். அவர் வாயைத் திறந்து ஊதினார். அதற்குப் பிறகு அக்கா அடுப்படிக்குப் போய்க் கெட்டிலைத் திறந்து, அடியில் கிடந்த இலையைப் பார்த்தார்.

“யாரு போட்டது?”

“நான்தாங்க்கா.”

“ரெண்டாம் தண்ணி ஊத்தினியா?”

“ஊத்தினேன்க்கா.”

என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா ஜீப் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இலையைச் செடிக்கடியில் கொட்டிவிட்டு, சாயங்காலத்துக்கு ஈர விறகைப் பிளக்கப் போனார். பெற்ற அம்மாவைப் புதைத்த மறுநாள் அது.

அதற்குப் பிறகும் பல வருஷம் அப்படியே போயிற்று. வாயை மோப்பதும் நிற்கவில்லை. நான் ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்துக்கொண்டு, சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாமா ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போனார். அந்த ஒரு விபத்துக்குப் பிறகு, அவர் இருந்த வரைக்கும் ஜீப் ஒரு தடவைகூட உருளவில்லை. மலைக்காரர்கள் சாரி சாரியாக இறங்கி வந்து பார்த்தார்கள். இடுப்பு உடைந்த அந்தப் பெண்ணும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

காரியம் முடிந்து நான் வழக்கம் போல் இலையோடு ஏறினேன். அக்கா சாயங்காலத்தில் வெளியே, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் அவரை அந்த நேரத்தில் அங்கே பார்த்ததே இல்லை.

“இந்நேரத்துல ரோடு இப்படித்தான் இருக்குமா?” என்று கேட்டார். “ஆடெல்லாம் திரும்பி வருது பாரு.”

இலைப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“இனிமே கொண்டாராத. எனக்கு டீன்னாலே ஆவாது. சின்னதுல இருந்தே அந்த வாசனை புடிக்காது.”

யோசித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் ஊற்றி, தானும் ஒரு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது வாய்க்குப் போய் நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில், மாமா போட்ட டீயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? இத்தனை வருஷம் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்த மனுஷனையா வாயைத் திறக்கச் சொல்லி மோந்தோம் என்று அந்தம்மா மீதி நாளை ஓட்ட வேண்டும். சொல்லவில்லை. ஆடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்போது அக்காவும் இல்லை. போன மாதம் கரியாலூரில் மகளிர் சங்கத்துக்காரர்கள் தங்கள் கட்டடத்தில் அவர் படத்தைத் திறந்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது, கடைசி வரிசையில் ஒரு நாற்காலியும் கிடைத்தது. நன்றாகப் படித்த ஒரு பெண் மைக்கில் பேசினாள். மாட்டைக் கட்டுவது போல் குடிகாரப் புருஷனை ஒரு கெட்டிலில் கட்டிப் போட்ட தாய் என்றாள். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

அக்காவுக்கு அந்தப் படம் போதாது, சிலையே வைக்கலாம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கட்டிப் போட்டது மாடு இல்லை. ஆகையால் சங்கத்துக்காரர்களுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்: படத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுத வேண்டும். முழு இலை கொண்டுவந்தவன் நான். அந்தம்மா ஊரில் இல்லாத சாயங்காலத்தில் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவனும் நான். என் பெயரை அங்கே பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்கப்படாமல் கேட்கிறேன். என் பெயர் இருந்தால்தான் ‘இந்த ஆள் யார், அன்றைக்கு டீ இவரா போட்டார்’ என்று எவராவது கேட்பார்கள். நான் போடவில்லை. அந்த வீட்டு மனுஷன் போட்டார், தன் கையால், தெரிந்தே. பார்த்தவன் நான் ஒருத்தன்தான். என் பெயரைப் போடுங்கள்.